ஒரு கியூப் மணல் எத்தனை கிலோ, கணக்குக்குக் கன மீற்றருக்கு 2650ஆ 1600ஆ?

நீங்க கேட்டிருக்கிறது மேலோட்டமாப் பாத்தா யூனிட் மாத்துற கணக்கு. தெஹிவளைல வீட்டுக்கு மேல்தட்டு கட்டுறீங்க, ஒரு கியூப், அதாவது 100 கன அடி மணல் இறக்கினீங்க, நெட்ல மணலின்ட அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 2.65 கிராம் எண்டு கிடந்தத எடுத்துக் கணக்குப் பாத்தா ஏழரை டன் வருது, ஆனா லொறிக்காரர் தந்த வேபிரிட்ஜ் (லொறிய அப்பிடியே நிறுக்கிற தராசு) துண்டில 4400 கிலோதான் இருக்கு, அப்ப மூண்டு டன் எங்க போச்சு, ஏமாத்திட்டாங்களா எண்டு கேக்கிறீங்க. அதோட 2.65ஐ கன மீற்றருக்கு மாத்தேக்க ஏன் 1000ஆல பெருக்கிறது, பெரிய யூனிட்டுக்குப் போறதெண்டா பிரிக்கத்தானே வேணும் எண்டும் கேட்டிருக்கிறீங்க. கடைசியில ஒரு வரி, அந்த மணல மேல சிலாப்பில கொட்டி வைக்கலாமா எண்டு. நான் 26 வருசமா கொழும்பில ஒரு டெஸ்டிங் லாப்பில மண், மணல், மெட்டல் (உடைச்ச கருங்கல்லு), கொங்கிரீட் எண்டு நிறுத்து அளந்து வாறன், அந்தப் பழக்கத்தில எனக்குப் பட்டது, உங்கட உண்மையான கேள்வி யூனிட் இல்ல. ஒரே மணலுக்கு எப்பிடி ரெண்டு அடர்த்தி இருக்கும், அதில எத எடுக்கிறது, அதுதான் கேள்வி. உங்கட மனசு ஆறுறதுக்கு முதல்ல ஒண்டச் சொல்லிப்போட்டுப் போறன்: 4400 கிலோ ஒரு கியூபுக்கு நியாயமான பாரம், அந்தத் துண்ட மட்டும் வச்சு யாரும் ஏமாத்தினாங்க எண்டு சொல்லேலாது.

முதல்ல யூனிட்ட முடிப்பம், அதில சந்தேகத்துக்கு இடமில்ல. பள்ளிக்கூடத்தில படிச்ச மாதிரி அடர்த்தி எண்டா திணிவ கனவளவால பிரிக்கிறது. ஒரு கன சென்ரிமீற்றர் எண்டது கிட்டத்தட்ட ஒரு தாயக்கட்டை அளவு, அந்தளவு இடத்தில 2.65 கிராம் கல்லு இருக்கு எண்டுறதுதான் அந்த நம்பர். கன மீற்றர் எண்டா ஒரு பக்கம் ஒரு மீற்றர் உள்ள பெட்டி. அந்தப் பெட்டிக்குள்ள எத்தனை தாயக்கட்டை பிடிக்கும்? நிறையப் பேர் 100 எண்டுதான் சொல்லுவினம், ஏனெண்டா 100 சென்ரிமீற்றர் ஒரு மீற்றர். ஆனா நீளத்தில 100, அகலத்தில 100, உயரத்தில 100, மூண்டையும் பெருக்கினா 10 லட்சம். அப்ப பெட்டி நிறைய 26 லட்சத்து 50 ஆயிரம் கிராம் கல்லு, கிராம கிலோவாக்க 1000ஆல பிரிச்சா 2650 கிலோ. அதாவது மேல 10 லட்சத்தால பெருக்கி கீழ ஆயிரத்தால பிரிச்சதில மிஞ்சினதுதான் அந்த 1000. பெரிய யூனிட் எண்டா பிரிக்கிறது எண்ட வழக்கம் நீளத்துக்கும் பாரத்துக்கும் சரி, ஏனெண்டா அங்க அளக்கிற சாமான் அப்பிடியே இருக்கு, அளவுகோல்தான் பெரிசாகுது. அடர்த்தியில நீங்க பெட்டியப் பெரிசாக்கிறீங்க, பெட்டி பெருத்தா உள்ளுக்குப் போற சாமானும் கூடும்தானே. நீங்க பிரிச்சு எடுத்த 0.00265 கிலோ எண்டது ஒரு கன மீற்றர் கருங்கல்லு மூண்டு கிராம் கூட இல்ல எண்டு சொல்லுது, அந்த இடத்திலயே நிப்பாட்டியிருக்க வேணும்.

லாப்புக்குப் புதுசா வாற பிள்ளைகளுக்கு நான் பாடமாக்கச் சொல்லுறது ஃபார்முலா இல்ல, தண்ணி. தண்ணி ஒரு கன சென்ரிமீற்றர் 1 கிராம், ஒரு லீற்றர் 1 கிலோ, ஒரு கன மீற்றர் 1000 கிலோ அதாவது 1 டன், ஒரு கன அடி 62.4 றாத்தல். இந்த நாலும் ஒரே தண்ணிதான். எந்த நம்பர் வந்தாலும் தண்ணியோட வச்சு, இது தண்ணிய விட எத்தனை மடங்கு எண்டு பாருங்க, அந்த மடங்கு எந்த யூனிட்டிலயும் மாறாது. ஸ்பெசிபிக் கிரவிட்டி எண்டு சொல்லுறதும் இந்த மடங்கத்தான், அதால அதுக்கு யூனிட் இல்ல. கருங்கல்லு ரெண்டரை மடங்குக்குக் கொஞ்சம் மேல, கொங்கிரீட் 2.4, இரும்பு ஏழே முக்கால் அளவு, தேங்காய் எண்ணெய் 0.92. எண்ணெய் ஒரு போத்தல் 750 மில்லி எண்டு வாங்கித் தராசில வச்சா, வெறும் போத்தலின்ட பாரம் போக 690 கிராம்தான் காட்டும், கடைக்காரர் குறைச்சதில்ல அது.

இனி கன அடிக்கு வாறன், ஏனெண்டா எங்கட நாட்டில மணலும் மெட்டலும் இன்னும் கியூபிலதான் விக்குது. ஒரு கியூப் எண்டா 100 கன அடி. ஒரு அடி 0.3048 மீற்றர், அத மூண்டு தரம் பெருக்கினா ஒரு கன அடி 0.0283 கன மீற்றர், அப்ப ஒரு கியூப் 2.83 கன மீற்றர். இங்கயும் அதே பொறிதான், ஒரு மீற்றருக்கு 3.28 அடி எண்டதால கன மீற்றருக்கும் 3.28 கன அடி எண்டு போட்டு BOQவையே (வேலைக்கான அளவு, விலைப் பட்டியல்) பிழையாக்கினவையப் பாத்திருக்கிறன், சரியானது 35.3. றாத்தல் 0.4536 கிலோ, பாண் ஒரு றாத்தல் எண்டு வாங்கிற ஆக்களுக்கு அது புதுசில்ல. இதெல்லாம் சேத்தா ஒரு கன அடிக்கு ஒரு றாத்தல் எண்டது ஒரு கன மீற்றருக்கு 16.02 கிலோ. இதில ஒரு வடிவான பொருத்தம் இருக்கு: வாரி நிரப்பின மணல் கன மீற்றருக்கு 1600 கிலோ அளவு எண்டா அது கன அடிக்கு 100 றாத்தல். அப்ப ஒரு கியூப் 100 கன அடி, கன அடிக்கு 100 றாத்தல், மொத்தம் 10000 றாத்தல், அதாவது ஏறத்தாழ 4540 கிலோ. கல்குலேட்டர் இல்லாமலே வாயால சொல்லுற கணக்கு.

இப்ப விசயத்துக்கு வருவம். 2650 பிழையான நம்பர் இல்ல, 1600உம் பிழை இல்ல. 2650 எண்டது மணியின்ட, அதாவது தனி மணல் துகளின்ட அடர்த்தி. ஆத்து மணல் பெரும்பாலும் குவாட்ஸ் எண்ட கல்லு, அந்தக் கல்லுக்குள்ள இடைவெளி ஒண்டும் இல்லாமப் பாத்தா 2650. ஆனா நீங்க வாங்கினது கல்லுக் கட்டி இல்லையே, மணல். மணிக்கு மணி நடுவில காத்து இருக்கு, கொஞ்சம் தண்ணியும் இருக்கு, லொறித் தட்டுக்குள்ள அந்த இடைவெளியும் சேந்துதான் 100 கன அடி. உங்கட துண்டையே எடுங்க: 4400 கிலோவ 2.83ஆல பிரிச்சா கன மீற்றருக்கு 1554. மணல் சாதாரண ஈரத்தில வந்தது, ஒரு 5 வீதம் தண்ணி எண்டு வைப்பம், அப்ப காஞ்ச மணல் 4190 கிலோ, மிச்சம் 210 கிலோவும் தண்ணி. காஞ்ச மணல் கன மீற்றருக்கு 1480, அத 2650ஆல பிரிச்சா 0.56. அதாவது உங்கட லொறியில நூறில 56 பங்குதான் கல்லு, மிச்சம் 44 பங்கும் இடைவெளி. காணாமப்போன மூண்டு டன் அந்த இடைவெளிதான், அது ஒரு நாளும் லொறியில ஏறேல்ல. சீமெந்தும் இப்பிடித்தான், மணி 3150, பையில தளர்வா இருக்கேக்க 1440 எண்டு எடுக்கிறது, அதாலதான் 50 கிலோப் பை ஒண்டு கிட்டத்தட்ட 35 லீற்றர் இடம் பிடிக்குது, 3150ஐ வச்சுப் பாத்தா 16 லீற்றர்தான் வரும்.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் உறுதி. 2650உம் ஆத்து மணலுக்குப் பெரிசா அசையாது, மகாவலியில மனம்பிட்டி மணலெண்டாலும் வேற ஆத்து மணலெண்டாலும் 2.6க்கும் 2.7க்கும் நடுவிலதான் எனக்கு வந்திருக்கு. மணல் எண்ட பேருள்ள எல்லாத்துக்கும் அது பொருந்தாது, புல்மோட்டைக் கரையில இருக்கிற கறுத்த மணல் இல்மனைற்று எண்ட பாரமான கனிமம், அது 4.7 அளவில நிக்கும், ஒரு வாளி தூக்கினாலே கை சொல்லிப்போடும். ஆனா 1600 எண்டது அப்பிடி உறுதியான நம்பர் இல்ல, அது ஒரு நடு ஆள் மாதிரி. மணல் எப்பிடி விழுந்தது, குலுங்கினதா, பருமணியா பொடியா, எவ்வளவு ஈரம், எல்லாத்துக்கும் அது ஆடும். இதில ஆக்கள் வழுக்கிற இடம் ஈரம். நனைஞ்ச மணல் பாரம் கூடும் எண்டுதான் நினைப்பம். ஒரே மணல வச்சுத் தண்ணி ஊத்தினா சரி. ஆனா ஒரு கியூப் ஈர மணல், ஒரு கியூப் காஞ்ச மணல விடப் பாரம் குறைவா இருக்கலாம். ஏனெண்டா 4, 5 வீதம் ஈரம் இருக்கேக்க மணியச் சுத்தி ஒரு தண்ணிப் படலம் நிண்டு மணிகள ஒண்டை ஒண்டு நெருங்க விடாது, மணல் உப்பும். பொதுவா 20, 30 வீதம் உப்பும், பொடி மணல் எண்டா இன்னும் கூட. 25 வீதம் உப்பின மணல் ஒரு கியூப் எண்டா அதில உண்மையா இருக்கிறது காஞ்ச கணக்கில 80 கன அடிதான். இன்னும் தண்ணி கூடி மணல் முழுசா மூழ்கினா அந்தப் படலம் உடைஞ்சு திரும்ப அமந்திடும், ஆனா அப்ப இடைவெளியெல்லாம் தண்ணி நிரம்பி கன மீற்றருக்கு 2000 கிலோவுக்குக் கிட்டப் போகும். அதால ஒரு நேர்மையான கியூப் 3800 கிலோவும் வரலாம், 5000உம் வரலாம், தண்ணி சொட்டச் சொட்ட வந்தா அதுக்கும் மேல. மேசன் பாஸ் தாச்சிக் கணக்கில கலவை போடுறவர் எண்டா இது உங்கட செலவிலயும் தெரியும், உப்பின மணல அஞ்சு தாச்சி எண்டு போடேக்க உண்மையாப் போறது நாலு தாச்சி மணல்தான், சீமெந்து கெதியா முடியும்.

ஈரம் என்ன செய்யும் எண்டு நான் படிச்சது ஒரு பிழையால. வேலைக்கு வந்து ரெண்டாம் வருசம், கடுவெலப் பக்கம் ஒரு ரோட்டுக்கு நிரப்பின மண் ஒழுங்கா இறுகியிருக்கா எண்டு பாக்கப் போனனான். சின்னக் கிடங்கு கிண்டி, எடுத்த மண்ண நிறுத்து, அந்தக் கிடங்க அடர்த்தி தெரிஞ்ச காஞ்ச மணலால நிரப்பி, எவ்வளவு மணல் போச்சு எண்டத வச்சுக் கிடங்கின்ட கனவளவக் கண்டுபிடிக்கிறது, அதுதான் முறை. மணலின்ட அடர்த்திய லாப்பில காய வச்சுத்தான் எடுத்திருந்தன், ஆனா ஒக்ரோபர் மழைக்க, மணல்ப் பை வானுக்குள்ள திறந்து கிடந்து ஈரம் குடிச்சிட்டு. உப்பின மணல் எண்டதால கிடங்கு நிறையக் குறைஞ்ச கிலோதான் போச்சு, நான் பழைய அடர்த்தியால பிரிச்சன், கிடங்கு உண்மைய விடச் சின்னன் எண்டு வந்திச்சு, அப்ப மண்ணின்ட அடர்த்தி உண்மைய விடக் கூட வந்திச்சு. இறுகாத மண்ணுக்கு இறுகினது எண்டு எழுதிக் குடுத்திட்டன். அங்க இருந்த என்ஜினியர் ஒருத்தர் காலால மிதிச்சுப் பாத்து, திரும்ப எடுங்க எண்டார், திரும்ப எடுக்கேக்கதான் பிடிபட்டது. யூனிட் எல்லாம் சரி, பெருக்கல் பிரித்தல் எல்லாம் சரி, ஆனா அடர்த்தி எடுத்த நிலையும் பாவிச்ச நிலையும் வேற. அதுக்குப் பிறகு ஒரு அடர்த்திய எழுதேக்க பக்கத்திலயே காஞ்சதா ஈரமா, தளர்வா குத்தினதா, மணியா மொத்தமா எண்டு எழுதாம விடுறதில்ல.

உங்கட மணலுக்குச் சரியான நம்பர் வேணுமெண்டா நெட்ல தேட வேண்டாம், வீட்டில எடுக்கலாம். ஒரு வாளிய வெறுமையா நிறுங்க. விளிம்பு மட்டத்துக்குத் தண்ணி நிரப்பி நிறுத்து வாளியின்ட பாரத்தக் கழிச்சா மிஞ்சுற கிலோதான் வாளி கொள்ளுற லீற்றர். பிறகு வாளியக் காய வச்சு, குவியல்ல இருந்து மணலக் குத்தாம வாரிப் போட்டு, ஒரு பலகைத் துண்டால விளிம்ப வழிச்சு நிறுங்க. தண்ணி 9.6 கிலோ, மணல் 14.8 கிலோ எண்டா 1.54 மடங்கு, கன மீற்றருக்கு 1540. மூண்டு தரம், குவியலின்ட வேற வேற இடத்தில எடுங்க. கொழும்புத் தண்ணி 30 பாகையில 1000 இல்ல, 996க்குக் கிட்டத்தான், லாப்பில அதத் திருத்துவம், வீட்டு வேலைக்கு அந்த 0.4 வீதத்த விட்டிடலாம், வாளிய வழிக்கிறதிலயே அத விடப் பெரிய பிழை வரும். மணியின்ட அடர்த்தியையும் பாக்க ஆசையெண்டா ஒரு ஜாம் போத்தல் காணும். வெறும் போத்தல் 250 கிராம், தண்ணி நிரம்பினா 950 எண்டு வைப்பம், அதாவது போத்தல் 700 மில்லி கொள்ளும். காஞ்ச மணல் 500 கிராம் போட்டு, மிச்சத்துக்குத் தண்ணி விட்டு, காத்துக் குமிழ் எல்லாம் போக நல்லாச் சுழட்டி, விளிம்பு வரைக்கும் நிரப்பி நிறுத்தா 1261 வரும். அதில போத்தல் 250, மணல் 500 போக தண்ணி 511. முழுப் போத்தலுக்கு 700 போக வேண்டிய இடத்தில 511தான் போச்சு, மிச்சம் 189 மில்லி இடத்த மணல் மணிகள் பிடிச்சிருக்கு. 500ஐ 189ஆல பிரிச்சா 2.65. குமிழ் நிண்டா விடை குறைவா வரும், அதுதான் இதில வழமையான பிழை.

இரத்தினபுரியில மாணிக்கக் கல்லுப் பாக்கிற ஆக்கள் செய்யிறதும் இதுதான், கல்லக் காத்திலயும் தண்ணிக்கையும் நிறுப்பினம். நீலக்கல் 4.0, நீலக் கண்ணாடி பொதுவா 2.5 பக்கம், அதில தப்பேலாது. ஆனா அடர்த்தி ஒரு சாமான இது இல்ல எண்டு உறுதியாச் சொல்லும், இதுதான் எண்டு உறுதியாச் சொல்லாது. சுத்தத் தங்கம் 19.3, டங்ஸ்ரன் எண்ட உலோகமும் 19.3க்குப் பக்கத்திலதான், அடர்த்திய மட்டும் வச்சு ரெண்டையும் பிரிக்கேலாது. எங்கட லாப்பிலயும் அப்பிடித்தான், 150 மில்லிமீற்றர் கொங்கிரீட் கட்டி ஒண்டின்ட கனவளவு 3.375 லீற்றர், 2400 எண்டா 8.1 கிலோ நிக்க வேணும், 7.6 காட்டினா உள்ளுக்கு ஓட்டை, ஒழுங்காக் குத்தேல்ல எண்டு உடைக்க முதலே சந்தேகப்படுவன். 8.1 நிண்டா பலமான கொங்கிரீட் எண்டு மட்டும் சொல்ல மாட்டன், அத அமத்தி உடைச்சாத்தான் தெரியும்.

இனி சிலாப். இங்க கிலோவ விட்டு கிலோ நியூட்டனுக்கு மாற வேணும், என்ஜினியர் பாவிக்கிறது திணிவு இல்ல, நிறை. கிலோவ 9.81ஆல பெருக்கி 1000ஆல பிரிக்கிறது, 1600 கிலோ மணல் கன மீற்றருக்கு 15.7 கிலோ நியூட்டன். வீட்டுச் சிலாப்புக்கு ஆள், தளபாடம் எண்டு டிசைன்ல போடுற பாரம் சாதாரணமா ஒரு சதுர மீற்றருக்கு 1.5 கிலோ நியூட்டன், அது ஏறத்தாழ 150 கிலோ. மணல் 10 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நிண்டாலே 160 கிலோ. ஒரு சாண் உயரம் கூட இல்ல. ஒரு கியூபக் குவிச்சா நடுவில ஒரு மீற்றருக்கு மேல நிக்கும், அதுக்குக் கீழ சதுர மீற்றருக்கு 1600 கிலோவுக்கு மேல, மழை பெய்து நனைஞ்சா 2000. அதால கொட்டி வைக்கலாமா எண்டதுக்கு என்ட பதில் வேண்டாம். உங்கட சிலாப்பின்ட தடிப்பு, கம்பி, எப்ப போட்டது, முட்டு நிக்குதா எண்டதெல்லாம் பாத்துத்தான் எவ்வளவு தாங்கும் எண்டு சொல்லேலும், அது டிசைன் செய்த என்ஜினியரின்ட வேலை, நிறுக்கிறவன்ட வேலை இல்ல. அவரைக் கேக்கும் வரைக்கும் கீழயே வச்சு, அண்டண்டைக்குத் தேவையானத மட்டும் வாளியில ஏத்துங்க.

ஏமாத்தினாங்களா எண்ட கேள்விக்குப் பாரத்த விட அளவுதான் பதில் சொல்லும். அடுத்த லோட் வரேக்க இறக்க முதல் டிப்பர்த் தட்டின்ட உள்நீளம், உள்ளகலம், மணல் நிக்கிற உயரம் மூண்டையும் அடியில எடுங்க. 10 அடி நீளம், 6 அடி அகலம் எண்டா 1 அடி 8 இஞ்சி உயரத்தில ஒரு கியூப். உயரத்த நடுவில மட்டும் எடுக்காம நாலு மூலையிலயும் எடுங்க, ஏனெண்டா குவிச்சு வந்தது வழியில குலுங்கி ஓரத்துக்கு இறங்கியிருக்கும். ஒரு சாணளவு ஆழத்தில இருந்து ஒரு பிடி எடுத்து நிறுத்து, தாச்சியில வறுத்துக் காய வச்சுத் திரும்ப நிறுங்க, ஈரம் எத்தனை வீதம் எண்டு வரும். அந்த அளவுகளயும் புதுத் துண்டையும் இங்க போட்டீங்க எண்டா கணக்கப் பாத்துச் சொல்லுறன்.